அட்வான்சை அடைக்கச் சொன்னவன்

பணத்தைப் பற்றிப் பேசியே பணம் வாங்குகிற தொழில் எனக்குத் தெரிந்து இரண்டுதான்; ஒன்று ஜோசியம், இன்னொன்று நான் பார்ப்பது. ஜோசியருக்காவது தட்சிணை வெற்றிலைத் தட்டில் உடனே விழுந்துவிடும். எனக்கு வகுப்பு முடிந்து, வருகைப் பதிவேடு அலுவலகம் போய்ச் சேர்ந்து, மூன்று வாரம் கழித்து வரும். அந்த மூன்று வாரத்தை எப்படிச் சமாளிப்பது என்பதைத்தான் நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வங்கிக் கிளையின் கடன் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்துவிட்டு, நாற்பத்து நான்கு வயதில் விருப்ப ஓய்வு வாங்கி வெளியே வந்தேன். சும்மா இருக்க முடியவில்லை. கல்லூரி மாணவர்களுக்கும் மில், தறி, பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்கும் பணத்தைக் கையாளச் சொல்லிக்கொடுக்க ஓர் அறக்கட்டளை ஆள் தேடியது. போய்ச் சேர்ந்தேன். அச்சடித்த பாடத்திட்டத்தில் ‘தனிநபர் நிதி மேலாண்மை’ என்று இருக்கும். வந்தவர்கள் எல்லோரும் ‘காசு கிளாஸ்’ என்றார்கள்.

இப்போது பாதி வகுப்புகள் கைபேசித் திரையில் நடக்கின்றன. நாற்பது பெயர்கள் நாற்பது கறுப்புக் கட்டங்களில் இருக்கும். யாரும் குறுக்கே பேசுவதில்லை. நான் சொல்வதையெல்லாம் ஒப்புக்கொண்டார்களா, எழுந்து போய்விட்டார்களா என்றும் தெரிவதில்லை. அதனால்தானோ என்னவோ, எதிரே உட்கார்ந்து என்னை மடக்கியவர்களின் நினைவு இப்போதெல்லாம் அடிக்கடி வருகிறது. மாதம் இருபதாம் தேதிக்கு மேல் ஏ.டி.எம். இருக்கிற பக்கமே திரும்பாமல் நடக்கும் உங்களிடம் சொன்னால் புரியும் என்றுதான் எழுதுகிறேன். நானும் அப்படித் திரும்பாமல் நடக்கிறவன்தான்.

வரவு எங்கே?

முதல் வகுப்பு ஒரு பாலிடெக்னிக்கில். இரண்டு நாள் உட்கார்ந்து தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். கரும்பலகையில் பெரிய எழுத்தில் ‘வரவு - சேமிப்பு = செலவு’ என்று எழுதினேன். ஊரில் எல்லோரும் செலவு செய்தது போக மிஞ்சுவதைச் சேமிக்கிறார்கள். நீங்கள் முதலில் சேமிப்பை எடுத்து வைத்துவிட்டு மிஞ்சுவதைச் செலவு செய்யுங்கள், வாழ்க்கையே மாறிவிடும் என்றேன். சொல்லும்போது எனக்கே கண் கலங்கியது. நான் அப்படிச் செய்திருந்தால் எப்படி இருந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டதால் இருக்கலாம்.

கடைசி பெஞ்சில் ஒல்லியாக ஒரு மாணவர் எழுந்தார். கிண்டல் செய்கிற முகம் இல்லை. நோட்டுப் புத்தகத்தில் நான் எழுதியதை அப்படியே எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: “எல்லாம் புரிஞ்சுதுங்க சார். அந்த மொதல்ல எழுதியிருக்கீங்களே, வரவு, அது எந்த செமஸ்டர்லங்க வரும்?”

குச்சி வைத்துக் குத்தி எடுக்கும் காசு

கருமத்தம்பட்டியில் தறித் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் வகுப்பு. அன்றைக்குத்தான் தறி ஓடாது. இடம் ஒரு ஆரம்பப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு அறை. முப்பது பேர், ஆணும் பெண்ணும், முழங்கால் முகவாயில் இடிக்க அந்தக் குட்டி பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பார்கள். நாள் முழுவதும் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்கள் என்பதால், பக்கத்தில் இருப்பவரிடம் மணி கேட்டால்கூடத் தெருவுக்குக் கேட்கும். முதல் வாரம் என்னைத் திட்டுகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டேன்.

வாரக் கூலியை வாங்கியதும் நான்கு கவர்களில் பிரித்து வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் ஜெயமேரி என்ற பெண்மணி ஒரு மஞ்சள் பையோடு வந்தார். அவர் தறிக்கூடத்தில் நூல் சுற்றுபவர். கணவர் ஆரோக்கியசாமி அதே கூடத்தில் தறி ஓட்டுபவர். பைக்குள் நான்கு கோன்கள். நூல் சுற்றி வருகிற காகிதக் கூம்பு அது. நூல் தீர்ந்தால் மிஞ்சும். சிவப்பு முனை போட்டது மளிகைக்கு. பச்சை, நர்சிங் படிக்கிற மகள் ரோசியின் ஃபீசுக்கு. மஞ்சள் ஆஸ்பத்திரிக்கு. நீலம், சொந்தக்காரர் விசேஷங்களுக்கு. நோட்டைச் சுருட்டி உள்ளே தள்ளி, அடிப்பக்கம் துணி வைத்து அடைத்திருந்தார்.

நான் கவர் என்றுதானே சொன்னேன் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம், ஆனால் பாடத்திட்டத்தில் கவர் என்று அச்சடித்திருந்தது. ஜெயமேரி அதற்குச் சொன்ன பதிலை நான் பிறகு எத்தனையோ கல்லூரிகளில் என் சொந்தக் கண்டுபிடிப்பு போலச் சொல்லியிருக்கிறேன்: “கவருன்னா கை உட்டதும் காசு வந்துருமுங்க சார். கோனுன்னா குச்சி வெச்சுக் குத்தோணும். குத்தறதுக்குள்ள, போச்சாது, இது வேண்டாம்னு தோணிப்போயிருமுங்க.”

ஒளித்து வைத்த கார்

‘கடன் வாங்கி வண்டி வாங்காதீர்கள்’ என்பது ஐந்தாவது பாடம். அந்தப் பாடத்தை நடத்த நான் போனது வங்கிக் கடனில் வாங்கிய காரில். மைத்துனர் ஒன்று வாங்கினார் என்பதைத் தவிர அதை வாங்கியதற்கு என்னிடம் வேறு காரணம் கிடையாது. வகுப்புக்கு வருகிறவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பேக்கரிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வருவேன். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே நுழையும்போது, சிக்கனமாக பஸ்சில் வந்தவன் போல இருக்கும். அப்படி நினைத்துக்கொள்வார்கள் என்பதில் ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாவது பாடம் முடிந்த அன்று திரும்பிப் போனால், கார் பக்கத்தில் ஆரோக்கியசாமி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பேக்கரியில் டீ குடிக்க வந்தாராம். கண்ணாடியில் ஒட்டியிருந்த வங்கி ஸ்டிக்கரை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். சிரிக்கவில்லை. உடம்பு சரியில்லாதவரை விசாரிக்கிற குரலில் கேட்டார்: “ஏனுங்க சார், இன்னும் எத்தனை டியூ பாக்கி இருக்குதுங்க?”

வட்டி இல்லாத கடன்

அந்த ஒரு கேள்வியில் எங்களுக்குள் நெருக்கம் வந்துவிட்டது. கடன்காரனுக்குக் கடன்காரன் கொஞ்சம் மனம் விட்டுப் பேசுவான். அன்றைக்கு பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து ஆரோக்கியசாமி தன் கடனைச் சொன்னார். தறிக்கூட முதலாளி சின்னச்சாமியிடம் நாற்பதாயிரம் அட்வான்ஸ். அங்கே அதுதான் வழக்கம். வேலைக்குச் சேரும்போது முதலாளி ஒரு தொகை கொடுப்பார். வட்டி கிடையாது. ஒவ்வொரு தீபாவளிக்கும் கொஞ்சம் ஏறும். வேறு கூடத்துக்குப் போக வேண்டுமானால் முழுவதையும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கூடத்தை ஒட்டி வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஓர் அறையும் உண்டு; அதற்கு வாடகை கிடையாது.

எனக்குப் பாடம் நடத்த இடம் கிடைத்துவிட்டது. வட்டி இல்லை என்பதால் இது இலவசம் என்று நினைக்காதீர்கள், உங்கள் காலில் கட்டிய கயிறு இது, கூலி கூட்டிக் கேட்க வாய் வருகிறதா, பக்கத்துக் கூடத்தில் இருபது ரூபாய் அதிகம் கிடைத்தால் போக முடிகிறதா என்றேன். டீ கிளாசை நகர்த்தி வைத்துவிட்டு, பெஞ்சின் மேல் சிந்திய தண்ணீரில் விரலால் எழுதிக் காட்டினேன். வாரம் ஐந்நூறு, எண்பது வாரம். தீர்ந்தது. கடன் பிரிவில் இருபது வருடம் இருந்தவன் போட்ட கணக்கு. அதில் தப்பு இல்லை.

அவர் தண்ணீர் காய்கிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். அன்றைக்கு அதை நான் அறியாமை என்று எடுத்துக்கொண்டேன்: “நீங்க சொல்றது சரிதானுங்க சார். ஆனா அது கயிறுன்னா, அதோட இன்னொரு முனை அவரு கால்லதானுங்களே கட்டியிருக்குது.”

குட்டி போடாத டெபாசிட்

இதே காலத்தில் வெள்ளகோவில் பக்கம் ஒரு மகளிர் குழுவுக்கும் போய்க்கொண்டிருந்தேன். யார் யார் எதில் சேமிக்கிறீர்கள் என்று கேட்டபோது, முன்வரிசையில் இருந்த பெண்மணி “ஆட்டுலங்க” என்றார். அறை முழுக்கத் தலையாட்டல். நான் விடவில்லை. ஆட்டுக்கு நோய் வரும், திருடு போகும், வங்கி டெபாசிட் பத்திரம் என்று பலகையில் இரண்டு பத்திகளாகக் கணக்குப் போட்டேன். ஒரு பக்கம் டெபாசிட், மறு பக்கம் ஆடு. தீவனம், மருந்து, செத்துப்போகிற குட்டி எல்லாவற்றையும் நேர்மையாகக் கழித்துக்கொண்டே வந்தேன். கடைசி வரியில் ஆடு ஜெயித்துவிட்டது.

கூட்டலைத் திரும்பச் சரிபார்த்தேன். மறுபடியும் ஆடுதான். எனக்குப் பின்னால் சிரிப்பு தொடங்கிவிட்டது. அந்தப் பெண்மணி எழுந்து வந்து, என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னார்: “உடுங்க சார், பாங்கியையும் தப்பு சொல்ல முடியாது. பாவம், அது குட்டி போடாதுங்களே.”

எண்பது வாரம்

கருமத்தம்பட்டி வகுப்பு ஆறு மாதத்தில் முடிந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பக்கம் போனால் பேக்கரியில் நிற்பேன். ஆரோக்கியசாமி வருவார். ஒவ்வொரு சனிக்கிழமையும் கூலியில் ஐந்நூறைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி முதலாளியிடம் அவரே கேட்டிருந்தார். ‘எத்தனை டியூ பாக்கி?’ என்பது எங்கள் இருவருக்கும் ‘சௌக்கியமா?’ என்பது போல ஆகிவிட்டது. நான் என் காருக்குச் சொல்வேன், அவர் தன் அட்வான்சுக்குச் சொல்வார். வேட்டி எடுக்காமல் ஒரு கிறிஸ்துமஸ் போயிற்று. ஜெயமேரி டீயை விட்டார். எண்பது என்றது எண்பத்து நாலு வாரமாகி, கடைசியில் தீர்ந்தது.

எனக்கு முன்பாகத் தீர்த்துவிட்டார் என்பதில் அவருக்குத் தாங்க முடியாத பெருமை. இருவரும் ஆரஞ்சு மிட்டாய்ப் பொட்டலத்தோடு ஆர்.எஸ்.புரத்துக்கு என் வீட்டுக்கே வந்தார்கள். நான் அவர்களைப் படம் எடுத்தேன். அறக்கட்டளை அந்தப் படத்தைத் தன் ஆண்டு மலரில் போட்டது. கீழே என் பெயரும் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். முதலாளி என்ன சொன்னார் என்று கேட்டேன். ஜெயமேரிதான் பதில் சொன்னார், சிரித்துக்கொண்டே: “ஒண்ணும் சொல்லலைங்க சார். நோட்டுல பேரை அடிச்சுப்போட்டு, ‘இனி உங்களுக்கும் நமக்கும் ஒண்ணுமில்லைங்க ஆரோக்கியம்’னாருங்க.”

ஆள் மட்டும்தான் போகிறான்

நான்கைந்து மாதம் கழித்து ஆரோக்கியசாமி போன் செய்தார். தறிக்குப் பாவு, அதாவது தறியில் ஏற்றுகிற நீளவாட்டு நூல், வரத்துக் குறைந்துவிட்டது. சின்னச்சாமி சொந்தமாகத் துணி விற்பவர் இல்லை. வியாபாரிகள் பாவும் நூலும் கொடுத்தால் கூலிக்கு நெய்து கொடுப்பவர். பாவு வரவில்லையென்றால் தறி நிற்கும். பாதித் தறியை நிறுத்தியதில் ஆளைக் குறைக்க வேண்டி வந்தது. அவர் முதலில் நிறுத்தியது ஆரோக்கியசாமியை. கூடவே நூல் சுற்றும் ஜெயமேரியையும். பதினோரு வருடம் வேலை பார்த்தவர்கள். பதினைந்து நாளில் லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். ரோசிக்குக் கடைசி வருட ஃபீஸ் முப்பதாயிரம் கட்ட இரண்டு மாதம்கூட இல்லை. அட்வான்ஸ் தீர்ந்த பிறகு பச்சைக் கோனில் சேர்ந்தது பன்னிரண்டாயிரம்.

நான் காரைக் கூடத்தின் வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போனேன். சண்டை போடத்தான் போனேன். சின்னச்சாமி நாற்காலியைத் துடைத்துப் போட்டு, இளநீர் வெட்டச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தால் அவரும் சரியாகத் தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும் என்று தெரிந்தது. வேலை தெரிந்தவர், லீவு போடாதவர், கடனைக்கூட நேர்மையாக அடைத்தவர். அவரைப் போய் ஏன் என்று கேட்டேன். சின்னச்சாமி கோபப்படவில்லை. வகுப்பில் நான் ஒரு சின்னக் கணக்கை விளக்குகிற அதே பொறுமையோடு எனக்கு விளக்கினார்: “அட்வான்ஸ் இருக்கறவனை நிறுத்துனா என்ற காசு போயிருமுங்க சார். இல்லாதவனை நிறுத்துனா ஆளு மட்டும்தானுங்களே போறான்.”

யாரும் நம்பாத ஆள்

அடுத்த மூன்று வாரம் நானும் ஆரோக்கியசாமியும் கூடம் கூடமாக ஏறி இறங்கினோம். அவர்கள் இரண்டாயிரம் வாடகைக்கு ஓர் ஓட்டு வீட்டில் ஒண்டியிருந்தார்கள். அதற்கு முன்பணம் கொடுத்ததில் ஃபீஸ் பணத்தில் பாதி போய்விட்டது. ரோசி, ஒரு வருடம் நின்றுவிட்டு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறேன் என்று தானே சொல்லத் தொடங்கியிருந்தாள். ஜெயமேரி என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. போன போதெல்லாம் டீ போட்டுக் கொடுத்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆள் தேவை என்று போர்டு தொங்கிய கூடங்களிலும் கதை ஒன்றுதான். பழைய முதலாளியிடம் அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்பார்கள். ஆரோக்கியசாமி நெஞ்சை நிமிர்த்தி, ஒன்றும் இல்லை என்பார். அவர்கள் முகம் மாறிவிடும். சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். நான்காவது இடத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. கடன் இல்லாத மனிதரைக் கண்டு எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். அந்த முதலாளி சொன்ன பதிலைக் கேட்டதும் என் காது சூடாகிவிட்டது. ஏனென்றால் வங்கியில் முதல் தடவை கடன் கேட்டு வருகிறவர்களிடம், ‘நீங்கள் இதுவரை எங்கும் கடன் வாங்கியதில்லை, உங்களை எப்படி நம்புவது?’ என்று இருபது வருடம் நானே கேட்டிருக்கிறேன். அவர் சொன்னது இதுதான்: “பதினோரு வருசம் தறி ஓட்டுன ஆளுக்கு ஒரு அட்வான்சு இல்லைன்னா, எவனுமே நம்பிக் குடுக்கலைன்னுதானுங்க அர்த்தம்?”

ஒரு கணக்கு

ஊருக்கு வெளியே ஒரு கூடத்தில் கடைசியாக இடம் கிடைத்தது. இருவருக்கும் வேலை, லைன் வீட்டில் ஓர் அறை. ஒரே நிபந்தனை, அட்வான்ஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். ‘கையில ஒண்ணும் வாங்காம வர்ற ஆளு எப்ப வேணாலும் போயிருவானுங்க’ என்றார் அந்த முதலாளி. எவ்வளவு வேண்டும் என்று யோசித்துச் சொல்லுங்கள், நாற்பது வரைக்கும் தரலாம் என்று அனுப்பினார். வெளியே புளியமரத்தடியில் மூவரும் நின்றோம். ஆரோக்கியசாமி என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் அப்போதும் கேட்டிருப்பார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எண்பத்து நாலு வாரம் என் பேச்சைக் கேட்ட மனிதர்.

ஃபீசுக்குக் குறைகிற தொகையை மட்டும் வாங்குங்கள், அதற்கு மேல் ஒரு ரூபாய் வேண்டாம் என்று தொடங்கினேன். பழக்கம். ஜெயமேரி முதல் தடவையாக என்னைக் குறுக்கே வெட்டினார். குரலில் கோபம் இல்லை. சந்தையில் சரியான விலை கேட்கிறவரின் குரல். அன்றைக்கு இரண்டு பக்கமும் யோசித்து, மிகக் குறைந்தால் அந்த முதலாளி யோசிக்காமல் நிறுத்திவிடுவார், மிக அதிகமானால் நீங்கள் மூழ்கிவிடுவீர்கள் என்று பார்த்து, நோட்டுத் தாளில் முப்பத்தையாயிரம் என்று எழுதிக் கொடுத்தேன். காசு கிளாஸ் எடுக்கிற இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் போட்ட கணக்குகளிலேயே ஒருவருக்கு உண்மையாகப் பயன்பட்டது அதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கைக் கேட்டவர் ஜெயமேரி, இப்படி: “ஃபீஸ் கிடக்கட்டுமுங்க சார். எங்களை நிறுத்தோணும்னா அவரு ஒரு தடவை யோசிக்கோணும். அதுக்கு எவ்வளவு வாங்கோணும், அதைச் சொல்லுங்க.”

அவசரமில்லாத பாக்கி

ஃபீஸ் கட்டக் கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்னால் ரோசியின் பணம் கட்டியாகிவிட்டது. படிப்பை முடித்தாள். நான் அதற்குப் பிறகு ஒரு வருடம் தறிக்காரர்களுக்கு வகுப்பு எடுக்கப் போகவில்லை. தொண்டை சரியில்லை என்று அறக்கட்டளைக்குச் சொன்னேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. எனக்குச் சம்பளம் ஒன்றாம் தேதி வந்த காலத்தில் நான் கற்றதை, வீடும் வேலையும் ஒரே ஆள் கையில் இருக்கிறவரிடம் எப்படி அவ்வளவு தைரியமாகச் சொன்னேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இன்னும் யோசிக்கிறேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பார்க்கப் போனேன். பாவு வரத்து மறுபடி குறைந்திருந்தது. அந்தக் கூடத்திலும் இரண்டு பேரை நிறுத்தியிருந்தார்கள். இவர்கள் இருவரும் இருந்தார்கள். பேச்சோடு பேச்சாக, பழைய ஞாபகத்தில், எத்தனை டியூ பாக்கி என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆரோக்கியசாமி சிரித்துக்கொண்டு மனைவியைக் காட்டினார். ஜெயமேரி சொன்னார்: “பணம் ரெடியாத்தானுங்க சார் இருக்குது, தபால் ஆபீஸ்ல. ரோசி சம்பளத்துல எங்களுக்குன்னு ஒரு வாடகை ஊடு பாத்து, சாமானெல்லாம் கொண்டு போய் எறக்கி வெச்சுப்போட்டு, அன்னைக்குச் சாயங்காலம் வந்து அடைச்சுப்போடறோமுங்க.”

இன்றைக்கும் கடனை அடையுங்கள் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், குடியிருக்கும் வீட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.